கிளி சரியாகத்தான் படித்தது

ஜனவரி 8, புதன்

அலுவலகத்துக்கு வந்து காதில் ஹெட்செட்டை மாட்டியதும் கிளி ஒரு மின்னஞ்சலைப் படித்தது. கிளி என்பது கணினித் திரையில் இருப்பதையெல்லாம் குரலாகச் சொல்லும் மென்பொருள். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் ஓட்டுகிற வேகத்தில் அந்தக் குரல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வெறும் கீச்சுக் கீச்சென்று கேட்குமாம். அதனால் என்னோடு வேலை செய்யும் நயினார் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தான்.

“உற்சாகமான செய்தி” என்று கடிதம் ஆரம்பித்தது. சைட்பெல் நிறுவனம் ஓர்வின் என்ற பெரிய நிறுவனத்தின் குடும்பத்தில் இணைகிறதாம். உற்சாகமான செய்தி என்று ஆரம்பித்த எந்தக் கடிதமும் எனக்கு இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை.

சைட்பெல் இணையதளம் கட்டுகிற மென்பொருள். பழசு. புதிது புதிதாக என்னென்னவோ வந்த பிறகும் எங்கள் அலுவலகம் அதை விடவில்லை. எங்களிடம் தளம் கட்டிக்கொண்ட கடைக்காரர்கள் அத்தனை பேருடைய பக்கங்களும் சைட்பெல்லின் சர்வரில்தான் இருக்கின்றன. நான் அதை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. அதில் மவுஸ் தேவையில்லை. தலைப்பு எங்கே வர வேண்டும், படம் எவ்வளவு அகலம், பின்னால் என்ன நிறம், எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே சொல்லிவிடலாம். சொன்னதைச் சொன்னபடி செய்யும். கிளியும் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லும்.

இதற்கு முன்னால் நான் ஒரு கூட்டுறவு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வையில்லாத பெண் கொஞ்சம் படித்திருந்தால் போன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைப்பது இந்த ஊர் வழக்கம். எல்லாரும் அன்பாகத்தான் நடத்துவார்கள். ஆனால் நாள் முழுக்க மணி அடித்தாலும் அதில் ஒன்றுகூட எனக்கு வந்த அழைப்பாக இருக்காது. யாரையோ கேட்பார்கள், நான் யாரிடமோ கொடுப்பேன். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செத்தாலும் அங்கே திரும்ப மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் காஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நிற்க நான்தான் உருட்டி வந்தேன்.

ஜனவரி 10, வெள்ளி

ஓர்வினிடமிருந்து இன்னொரு கடிதம், கேள்வி பதிலாக. சைட்பெல்லில் ஏதாவது மாறுமா என்று கேள்வி. எதுவும் மாறாது என்று பதில். கேட்டதும் அவர்கள், சொன்னதும் அவர்கள். நன்றாக இருக்கிறது.

ஆவுடையப்பன் சாரிடம் படித்துக் காட்டினேன். பொருநை வெப் என்ற இந்த நிறுவனத்தின் முதலாளி. வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர். வங்கிப் போனில் பேசியே பழக்கமாகி, நான் வீட்டில் கோடிங் படிக்கிறேன் என்று தெரிந்ததும் என்னை இங்கே கூட்டி வந்தவர் அவர்தான். பெரிய ஆள் வாங்கியிருக்கிறான் என்றால் நமக்கும் நல்லதுதானே என்றார். நயினார் ஒன்றும் சொல்லவில்லை. அவன் டிசைனர். நிறம், படம் எல்லாம் அவன் பார்த்துச் சொல்வான், நான் கட்டுவேன். என்னைவிட இளையவன். அவன் பேசாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

நிஷாவுக்குப் போன் போட்டேன். ரஹ்மத் நிஷா, மேலப்பாளையத்துக்காரி. பார்வையற்றோர் பள்ளி விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இப்போது திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் சைட்பெல்தான் கஞ்சி ஊற்றுகிறது. “சும்மா பயந்து சாவாதட்டி” என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, போனை வைக்க மனமில்லாமல் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சைட்பெல்லில் மவுஸ் இல்லாமல் வேலை செய்யும் பகுதியை எழுதியவர் இங்க்ரிட் என்ற அம்மாள். எந்த நாடு என்றுகூட நான் கேட்டதில்லை. சந்தேகம் கேட்டு எழுதினால் மறுநாள் பதில் இருக்கும். பொங்கலுக்கு என்ன சமைப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தார். கிறிஸ்தவர்கள் வீட்டிலும் பொங்கல் உண்டு என்று எழுதினேன்.

இன்று அவருக்கு எழுதினேன். இந்த முகவரி இனி பயன்பாட்டில் இல்லை என்று தானாகவே ஒரு பதில் வந்தது. கிளிக்கு நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் ஒரே குரல்தான்.

பிப்ரவரி 5, புதன்

அம்மாவுக்குக் கால்வலி. நான் ரசம் வைத்தேன். பரவாயில்லை என்று சொல்லி இரண்டு தடவை ஊற்றிக்கொண்டாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வந்துவிட்டது. ஏப்ரல் 30ஆம் தேதியோடு சைட்பெல் முடிகிறது. எல்லாத் தளங்களும் அதற்குள் ‘ஓர்வின் கேன்வாஸ்’ என்ற புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும். மாறாதவை அழியும். எதுவும் மாறாது என்று எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதியிருக்கிறார். கீழே பெயர் இருக்கிறது.

கேன்வாஸைத் திறந்தேன். கிளி சொன்னது: “பொத்தான். பொத்தான். பொத்தான். படம். பொத்தான்.” எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. கண் உள்ளவன் படத்தைப் பார்த்து அமுக்கிக்கொள்வான் என்று விட்டிருக்கிறார்கள். கட்டங்களை மவுஸால் இழுத்து வந்து வெள்ளைப் பரப்பில் போட வேண்டுமாம், குழந்தைகூடச் செய்துவிடும் என்று விளம்பரம் வேறு. குழந்தை செய்துகொள்ளட்டும். நான் சாயங்காலம்வரை பொத்தான் பொத்தான் என்று கேட்டுவிட்டுத் தலைவலியோடு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஓர்வினுக்கு எழுதினேன். பார்வையற்றவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள் என்று மரியாதையாக ஆரம்பித்துக் கடைசியில் கொஞ்சம் சூடாகவே முடித்தேன். “எல்லாரையும் அரவணைப்பதே எங்கள் நோக்கம்” என்று பதில் வந்தது. கூடவே ஒரு புகார் எண்.

பிப்ரவரி 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கேன்வாஸின் ஓரத்தில் ‘அடுக்கு’ என்று ஒரு பட்டை ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும் இடம். டேப் விசையைத் தட்டித் தட்டித் தற்செயலாக அங்கே போய் விழுந்தேன். அங்கிருந்தே புதிய கட்டத்தைச் சேர்க்கலாம், எழுதலாம், படம் வைக்கலாம், மேலே கீழே நகர்த்தி வரிசையை மாற்றலாம். எல்லாம் விசைப்பலகையிலேயே. மவுஸைத் தொட வேண்டியதில்லை.

ஒரு சின்னப் பக்கம் செய்து கிளியைப் படிக்கவிட்டேன். தலைப்பு, படம், விலாசம், போன் நம்பர், வரிசை பிசகாமல் படித்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. ஆவுடையப்பன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்திருப்பார் போல, சத்தமே இல்லை. பிறகு, “நல்லதும்மா, நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க” என்று தோளில் தட்டினார். அவர் இதுவரை என் தோளைத் தொட்டதில்லை. அவருக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

கே.டி.சி. நகரில் இருக்கும் டைல்ஸ் கடையின் தளத்தை முழுக்க கேன்வாஸுக்கு மாற்றி முடித்தேன். கிளி தலையிலிருந்து கால்வரை படித்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. நயினாரிடம் எப்படி என்றேன். “நல்லா இருக்குக்கா” என்றான். குரலில் உயிரே இல்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காலையில் சொன்னான்.

வீட்டில் லேப்டாப்பைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா நெருங்கி வந்து பார்த்துவிட்டு, “என்னட்டி இது, எழுத்து மேல எழுத்தா ஏறிக் கெடக்கு” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போதெல்லாம் டிசைன் இப்படித்தான் என்றேன். அவளுக்குக் கண்புரை என்று போன வருஷமே சொன்னார்கள். நான்தான் தள்ளிப்போட்டுவிட்டேன். திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். புரை இப்போதுதான் ஆரம்பம், பார்வையைப் பெரிதாக ஒன்றும் மறைக்கவில்லை, ஆபரேஷனுக்கு அவசரமில்லை என்று டாக்டர் சொன்னார். இந்தக் காலத்து டாக்டர்கள் எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கிறார்கள். வேறொருவரிடம் காட்ட வேண்டும்.

டைல்ஸ் கடைக்காரர் தளம் அருமையாக இருக்கிறது என்று போன் செய்தாராம். அப்புறம் என்ன.

மார்ச் 3, திங்கள்

நிஷா அழைத்தாள். கல்லூரியில் அவளுக்கு இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். கேன்வாஸில் வேலை செய்ய முடியுமென்றால் இப்போதுள்ள ஒப்பந்தத்திலேயே தொடரலாம். முடியாதென்றால் தகவல் மேசையில், போன் பக்கத்தில், நிரந்தர வேலை காலியாக இருக்கிறது. இந்த மாத நடுவுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் கணவருக்கு வேலை நின்று நாளாகிறது.

“நீ சொல்லு ஜெபா. உனக்கு நெசமாவே வருதா?” என்று கேட்டாள்.

ஒரு தளம் முடித்துவிட்டேன், அடுத்தது பாதி ஆகிவிட்டது, கிளி தடுக்காமல் படிக்கிறது என்றேன். அவள் அதற்கும் சமாதானம் ஆகவில்லை. கண் தெரிந்தவர்கள் பார்த்தார்களா என்று கேட்டாள். நயினார் பார்த்தான், சார் பார்த்தார், கடைக்காரரே பாராட்டினார் என்றேன். எல்லாம் உண்மை. கடைசியில் இதையும் சொன்னேன்: “போன் கிட்ட மட்டும் போயிராத. ஒருக்கா உக்காந்துட்டா எந்திரிக்க விட மாட்டாவ.”

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்குப் போனேன்.

என் வழிமுறையைக் குரலில் பதிந்து, எங்கள் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தமிழ்நாடு முழுக்கப் பார்வையில்லாமல் கணினி வேலை செய்பவர்கள் இருக்கும் குழு. ‘அடுக்கு’ பட்டைக்கு எப்படிப் போவது, கட்டத்தை எப்படிச் சேர்ப்பது, எல்லாம் நிதானமாகச் சொன்னேன். நன்றி நன்றி என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தன. ஈரோட்டிலிருந்து ஒருவர் அழுதேவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருந்தால் என்ன, இருக்கட்டும்.

மார்ச் 12, புதன்

நயினாரின் மனைவி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “என்னக்கா வேலை அங்க? டெய்லி லேட்டாத்தான் வாராவ. பிள்ளைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போக ஆளில்ல” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கிளம்பும்போது அவனும் பையை எடுக்கிற சத்தம் கேட்கும். வெளியில் யாருக்காவது தனியாக வேலை செய்துகொடுக்கிறானோ என்று அவனிடமே கிண்டலாகக் கேட்டேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பான். இன்று ஆமாக்கா என்று மட்டும் சொன்னான்.

மார்ச் 15, சனி

போன் மேசை வேண்டாமென்று நிஷா எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்தை அன்றைக்கே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். “உன்ன நம்பித்தான் குதிச்சிருக்கேன்” என்றாள். குதி, தண்ணீர் இருக்கிறது என்றேன். தவக்காலம் என்றும் பார்க்காமல் அம்மாவிடம் சொல்லிக் கோழி வாங்கிச் சமைத்தோம்.

மார்ச் 27, வியாழன்

நான்காவது தளமும் முடிந்தது. ஓர்வினிலிருந்து என் புகார் தீர்க்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. என்ன தீர்த்தார்கள் என்று போய்ப் பார்த்தேன். ‘இப்போதைக்குத் திட்டத்தில் இல்லை’ என்று எழுதி மூடியிருக்கிறார்கள். மூடிக்கொள்ளட்டும். எனக்கு இனி அவர்கள் தயவு தேவையில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

நாளை பங்குனி உத்திரம். எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒருவரையும் பிடிக்க முடியாது. எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் அவரவர் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்விடுவார்கள். சார் அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுக்கோயிலுக்கு. நயினார் திருச்செந்தூர் ரோட்டில் எங்கேயோ. அலுவலகத்தில் நான் மட்டும்.

டவுன் பாத்திரக்கடைக்காரர் நாளைக்கே, நல்ல நேரத்தில், தன் தளம் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்கிறார். சனிக்கிழமை வந்து நானே ஏற்றிவிடுகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று நயினார் ரொம்பவும் மன்றாடினான். நீ சாமி கும்பிட்டுவிட்டு வா, எனக்குத் தெரியாதா என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுத வேண்டும். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

நல்ல நேரம் பார்த்து ஏற்றினேன். கிளியிடம் முழுவதும் கேட்டேன். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, விலாசம், எல்லாம் வரிசையில் இருந்தன. டீ வாங்கி வரக்கூட ஆளில்லை, அதனால் தண்ணீர் குடித்தேன். கடைக்காரரிடமிருந்து போன். பின்னால் கொட்டுச் சத்தம். சாஸ்தா கோயிலில் அவருடைய சொந்தம் பூராவும் கூடியிருக்கிறது, எல்லாருக்கும் போனில் காட்டியிருக்கிறார், எல்லா எழுத்தும் எல்லாப் படமும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறதாம். மீதிப் பக்கம் வெள்ளையாம். உங்கள் போன் பழசாக இருக்கும் என்றேன். அத்தான் போனிலும் அப்படித்தான், மதினி போனிலும் அப்படித்தான் என்றார். எங்களிடம் குறையில்லை, கோயிலில் சிக்னல் சரியாக இருக்காது என்று குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. சொந்தக்காரங்க முன்னாடி தலை குனிஞ்சு நிக்கேம்மா என்று மட்டும் சொன்னார்.

நயினாரைக் கூப்பிட்டேன். அவன் எடுத்த இடத்திலும் கொட்டு அடித்தது. கடைக்காரர் சொன்னதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, அந்தப் பக்கத்தத் தொடாதிய. பூசை முடிஞ்சதும் பஸ் ஏறி வந்துருதேன். எப்பவும் போல நான் சரி பண்ணிருதேன்” என்றான்.

எப்பவும் போல என்றால் என்ன என்று கேட்டேன். 

ஏப்ரல் 12, சனி

நான் கேட்கக் கேட்க நயினார் மெதுவாகச் சொன்னான். ‘அடுக்கு’ பட்டையில் நான் சேர்க்கிற ஒவ்வொரு கட்டமும் பக்கத்தின் இடது மூலையில், ஏற்கெனவே இருப்பதன் மேலேயே போய் உட்காருமாம். அங்கிருந்து மவுஸால் இழுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். அதைச் செய்யத்தான் அந்த மென்பொருளே. கிளி பட்டையில் உள்ள வரிசையைப் படிக்கும். எது எங்கே கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது. கிளி சரியாகத்தான் படித்தது. தப்பு என்று யாரைச் சொல்வது.

டைல்ஸ் கடையின் தளத்திலிருந்தே நயினார் தினமும் என்னோடு படியிறங்கி, என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மறுபடி மாடியேறி வந்து, எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறான். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “சார்தான் சொன்னாவ. ஏப்ரல் வரைக்கும் அவங்க சந்தோஷமா இருக்கட்டும்னு” என்றான். அழுதான் என்று நினைக்கிறேன். நான் ஆறுதல் சொல்லவில்லை.

ஏமாற்றியிருந்தால் சண்டை போடலாம். இரக்கப்பட்டவர்களோடு என்ன சண்டை போடுவது? அவமானத்தில் உடம்பெல்லாம் எரிகிறது.

அம்மாவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள் விடுமுறை. நிஷாவிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சார் கூப்பிட்டுப் பேசினார். இனி எல்லா வேலையும் கேன்வாஸில்தான், மாற்று வழி இருக்கிறதா என்று அவரும் தேடிப் பார்த்துவிட்டாராம். வேறு மென்பொருளுக்குப் போகலாமே என்றேன். இத்தனை கடைக்காரர்களின் தளங்களையும் ஓர்வினிலிருந்து வெளியே எடுத்துப் புதிதாகக் கட்டுவது இந்தக் கம்பெனியால் ஆகாது என்றார். அது உண்மைதான், எனக்கே தெரியும். பிறகு முன்னறையில் போன் பார்க்க ஆள் தேவைப்படுகிறது என்றார். சம்பளத்தில் கை வைக்க மாட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? வயது முப்பத்தெட்டு, அம்மா இருக்கிறாள்.

நிஷாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. மத்தியானம் கோயிலில் மும்மணித் தியானத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து குழுவில் போட்ட குரல்பதிவை அழித்தேன். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. மதுரையில் ஒருவர் தன் நண்பருக்கு அனுப்ப வேண்டும், பதிவைக் காணோமே, மறுபடி போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த வழி தப்பு என்று ஒரு வரி தட்டச்சு செய்தேன். கிளி அதைப் படித்தது. அனுப்பவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நிஷா அழைத்தாள். என் வழியில் அவள் செய்த முதல் பக்கத்தைப் பிரின்சிபால் பார்த்திருக்கிறார். மே மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். போன் மேசைக்கு மறுபடி கேட்டிருக்கிறாள். ஆள் போட்டாயிற்று.

அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “நீ சொன்ன மாதிரிதான் பண்ணேன். உனக்கு வந்துது, எனக்கு வரல. நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல” என்றாள். ஊருக்கே வந்துவிடுகிறேன், உங்கள் சாரிடம் எனக்கு ஒரு வேலை கேள், பக்கத்தில் உட்கார்ந்து நீ செய்வதைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன் என்றாள். நான் வாயைத் திறந்தேன். சிக்னல் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கோழை. வேறு வார்த்தை தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

நிஷாவின் அழைப்பு, காலையில், மத்தியானம். எடுக்கவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது, கீழே கொட்டினேன்.

ஏப்ரல் 30, புதன்

சைட்பெல் கடைசியாகத் திறந்தது. புதிதாக ஒரு பக்கம் கட்டினேன், யாருக்காகவும் இல்லை. தலைப்பு நடுவில், படம் வலப்பக்கம், பின்னால் இளநீலம். எல்லாம் எந்த இடத்தில் இருக்கிறதென்று எனக்கு விரல் நுனியில் தெரிந்தது. சேமிக்கலாமா என்று கேட்டது. சேமிக்கச் சொன்னேன். சர்வரோடு தொடர்பு இல்லை என்றது.

இங்க்ரிட் அம்மாள் இப்போது எங்கே இருக்கிறாரோ.

மே 2, வெள்ளி

முன்னறையில் முதல் நாள். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. சாரே போய் நல்ல ஹெட்செட் வாங்கி வந்திருக்கிறார், காது வலிக்காமல் மெத்தென்று இருக்கிறது. நயினார் காலையில் வந்து, ஏதாவது வேண்டுமா அக்கா என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவனிடம் எனக்குக் கோபம் போய்விட்டது. ஆனால் பேச ஒன்றும் இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அழைப்பு. எடுத்து வணக்கம் சொல்லி, பொருநை வெப் என்று சொன்னேன். “ஆவுடையப்பன் சார்ட்ட பேசணும், வேலை விஷயமா…” என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது.

நிஷா. நான் எடுக்காததால் சாரிடமே கேட்டுவிடலாம் என்று அலுவலக நம்பருக்கு அழைத்திருக்கிறாள்.

எங்களுக்கு டெலிபோன் பயிற்சி கொடுத்தது ஒரே டீச்சர். போன் நாற்காலியில் இருக்கிறவள் எப்படி வணக்கம் சொல்வாள், கம்பெனி பெயரை எந்த இடத்தில் நிறுத்துவாள் என்று நிஷாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் எந்த நாற்காலியில் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்த மாதிரிதான். எனக்கும் வரவில்லை, வந்ததே இல்லை, எனக்குத் தெரிந்தும் அவளிடம் சொல்லவில்லை.

அவள் மூச்சு விடுவது கேட்டது. நான் விடுவது அவளுக்குக் கேட்டிருக்கும். ஏட்டி என்று கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்று இருந்தது.

“மன்னிச்சிருங்க,” என்றாள். “ராங் நம்பர்ங்க.”

சின்ன வயசிலிருந்து ஒருநாளும் அவள் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. இந்த இடத்தில் ஆபரேட்டர் என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார். அது தானாக வாயில் வந்தது.

“பரவாயில்லைங்க” என்றேன்.